போச்சாதுங்க என்று எழுதிக் கொடுத்தது

என் கையெழுத்துக்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். முப்பது வருடமாக லேத்துப் பட்டறையில் இரும்பு கடைகிறேன். இரும்பில் தலைமுடி அளவு தப்பினாலும் கண்டுபிடித்துவிடுவேன். ஆனால் ல எங்கே, ள எங்கே என்று கேட்டால் இன்றைக்கும் தெரியாது. வரியின் கடைசியில் இடம் போதாவிட்டால் வார்த்தையை எங்கே வேண்டுமானாலும் ஒடித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோய்விடுவேன். இதைப் படிக்கிறவர்களுக்குப் பிழை ஒன்றும் தென்படவில்லை என்றால் யாரோ புண்ணியவான் திருத்தியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மரியாதைக்காக இதைச் சொல்லவில்லை. என் கையெழுத்தால் எங்கள் வண்டி ஏழு வாரம் ஒர்க் ஷாப்பில் கிடந்தது. அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வண்டி கடையில் கிடைக்கிற வண்டி அல்ல. என் வீட்டுக்காரி ஒரு கல்யாண மண்டபத்தில் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு நடந்தாள். ஆனால் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார முடியவில்லை. காலைத் தூக்கிப் போடவும் முடியாது, ஒரு பக்கமாகத் திரும்பி உட்காரவும் முடியாது. அதனால் என் பழைய மோட்டார் சைக்கிளின் இடது பக்கத்தில் அவள் உட்கார ஒரு பெட்டி சேர்த்தேன். மூன்றாவதாக ஒரு சக்கரம். சட்டத்துக்குப் போர்வெல் குழாய். உட்கார, உடைத்த பஸ்ஸிலிருந்து ஒரு சீட்டு. மூக்குப் பகுதிக்குத் தகரத்தை வளைத்துப் பார்த்தேன், அழகாக வரவில்லை. பல்லடத்தில் ஒரு கோழிப்பண்ணையில் தீவனம் கொட்டி வைக்கிற பெரிய தொட்டியைக் கழித்துப் போட்டிருந்தார்கள். அதன் அடிக்கூம்பை அறுத்துத் திருப்பி வைத்ததும் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. போக்குவரத்து அலுவலகத்துக்கு நான்கு நடை நடந்து ஆர்சி புத்தகத்திலும் ஏற்றினோம். அவள் பிடிவாதத்தில்தான் அது நடந்தது. முழு இன்சூரன்ஸ் போட்டதும் அவள் பிடிவாதம்தான். அந்தப் பெட்டியை அவள் "எம்பட தேரு" என்பாள், அவளுடைய தேராம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கூச்சமாக இருந்தாலும். எனக்கு முகம் பார்த்துப் பேச வராது. கட்டின பெண்டாட்டியிடம்கூட வராது. வண்டியில் போகும்போது வரும். நான் ரோட்டைப் பார்ப்பேன், அவள் கீழே இடது பக்கத்தில் இருப்பாள், இஞ்சின் சத்தம் இருக்கும். கிணத்துக்கடவில் எங்கள் வீட்டிலிருந்து பட்டறைக்குப் போகிற அரைமணி நேரத்தில் நான் பேசுகிற பேச்சு, மீதி நாள் முழுக்கப் பேசுவதை விட அதிகம். வழியில் ஒரு தையல் கடையில் அவள் வேலை செய்கிறாள். அங்கே இறங்கும்போது, "மிச்சத்தை சாயங்காலம் சொல்லுங்க" என்பாள்.

அன்றைக்குச் சாயங்காலம் பொள்ளாச்சி ரோட்டில் ஒரு பேக்கரி முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவளுக்குத் தேங்காய் பன். வெளியே ஏதோ நசுங்குகிற சத்தம் கேட்டது. பின்னோக்கி வந்த ஒரு கார் எங்கள் வண்டியின் பெட்டியை இடித்து, அப்படியே தள்ளிக்கொண்டுபோய்க் கரண்டுக் கம்பத்தில் சாத்தியிருந்தது. கூம்பு சப்பையாகிவிட்டது. குழாய்ச் சட்டம் முறுக்கிக்கொண்டது. மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற போர்க்கும் வளைந்துவிட்டது.

காரிலிருந்து இறங்கியவர் அறுபது தாண்டிய ஒரு தென்னந்தோப்புக்காரர். வேட்டி தடுக்க ஓடி வந்து பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். கை வெடவெடவென்று ஆடியது.

"ஏனுங்க, உள்ளார ஆராச்சும் இருந்தாங்களா? ஐயோ, நான் பாக்கலீங்க. கண்ணாடியில தெரியலீங்க."

"ஆரும் இல்லீங்க" என்றேன். அதோடு நிற்காமல், "போச்சாதுங்க, போச்சாதுங்க. தண்ணி குடியுங்க. போய்ட்டு வாங்க" என்றும் சொன்னேன்.

அதுதான் நான் சொன்னது. யோசித்துச் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் யாராவது பதறினால் வாய் அதைத் தானாகச் சொல்லும். அவர் தண்ணீர் குடித்தார். பேக்கரிக்காரரிடம் தாள் வாங்கித் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மினி லாரி பிடித்து வண்டியை ஒர்க் ஷாப்புக்கு ஏற்றி விட்டோம்.

வீட்டுக்குப் பஸ்ஸில் வந்தோம். அவள் முன்னால் பெண்கள் சீட்டில், நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு. இறங்கியதும், "பன் பாதியில விட்டுட்டியே, வேற வாங்கட்டுமா?" என்று கேட்டேன்.

"போச்சாது" என்றாள். சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்துவிட்டாள்.

இன்சூரன்ஸ் அலுவலகத்தில் ஒரு பாரம் கொடுத்தார்கள். தமிழில் எழுதலாம் என்றார்கள். யாரையாவது எழுதித் தரச் சொல்லியிருக்கலாம், கேட்கக் கூச்சம். வீட்டில் வைத்து இரண்டு நாள் எழுதினேன். விபத்து எப்படி நடந்தது என்ற இடத்தில், கார் பின்னால் வந்து இடித்தது என்று எழுத நினைத்து, "பின்னாள் வந்து இடித்தது" என்று எழுதிவிட்டேன். விபத்து நடந்த இடத்தில் எதிர்த்தரப்பிடம் என்ன பேசினீர்கள் என்றும் ஒரு கேள்வி இருந்தது. எதற்காக அதைக் கேட்கிறார்கள் என்று ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் பொய் எழுதக்கூடாது அல்லவா? போச்சாது, போய்ட்டு வாங்க என்று சொன்னேன் என்று எழுதி, கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

சர்வேயர் வருவார் என்றார்கள். எனக்குத் தெரிந்த சர்வேயர் நிலம் அளக்கிறவர்தான். சங்கிலியோடு வந்து வண்டியை எப்படி அளப்பார் என்று பார்க்க ஆசையாக இருந்தது. வண்டி கிடந்த சுந்தராபுரம் ஒர்க் ஷாப்புக்கு அரை நாள் லீவு போட்டுப் போனேன். வந்தவரிடம் சங்கிலி இல்லை. ஒரு போனும் சாக்கட்டியும்தான் இருந்தன. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என் வயதுதான், மாற்றலாகி வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். மாற்ற வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி, தட்டி நிமிர்த்த வேண்டிய இடத்தில் வட்டம். நானும் பின்னாலேயே சுற்றினேன். எதை வைத்து ஒன்றுக்குப் பெருக்கல், ஒன்றுக்கு வட்டம் போடுகிறார் என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். விரலால் சுண்டிச் சத்தம் கேட்டார். லேத்தில் விரிசல் பார்க்க நானும் அப்படித்தான் செய்வேன்.

கூம்பிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, இது என்ன பார்ட்டு?"

"கோழித் தீவனத் தொட்டிங்க."

"என்னது?"

"அடிப்பாகங்க. தீவனம் எறங்குற பக்கம்."

அவர் போனைப் பார்த்தார், கூம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக்கு பார்ட் நம்பர் கேக்குது. நான் என்னத்தப் போட?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தைரியம் கொடுத்தது. எந்தச் சட்டத்தை எப்படி வளைத்தேன், சக்கரத்தை ஏன் ஒரு விரற்கடை முன்னால் தள்ளி வைத்தேன் என்றெல்லாம் சொன்னேன். கீழே உட்கார்ந்து கேட்டார். புரியாத இடத்தில் சாக்கட்டியால் தரையில் வரையச் சொன்னார். முகம் தெரியாத ஒரு ஆளிடம் அவ்வளவு பேசியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஆனால் பத்தாம் நாள் கடிதம் வந்தது. காரின் உரிமையாளரும் நானும் அந்த இடத்திலேயே சமரசம் செய்துகொண்டதாக என் வாக்குமூலத்திலேயே இருக்கிறதாம். அப்படிச் செய்திருந்தால் கிளெய்ம் கொடுப்பதற்கில்லை, எழுத்தில் விளக்கம் தரவும் என்று இருந்தது. பழுது பார்க்கும் வேலையை நிறுத்திவைக்கும்படி ஒர்க் ஷாப்புக்கும் சொல்லிவிட்டார்கள். கிளெய்ம் கிடைக்காவிட்டால் அந்த வண்டியை எழுப்ப என்னால் முடியாது. மோட்டார் சைக்கிளை மட்டும் நிமிர்த்தி ஓட்டலாம், பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான். பஸ்ஸில் அவள் முன்னால், நான் பின்னால் என்று காலம் போய்விடும்.

சர்வேயருக்குப் போன் போட அவள்தான் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தாள்.

"நீங்கதான அண்ணாச்சி எழுதியிருக்கீய?" என்றார் அவர். "ஒரு வரி கடைசில 'போச்'. அடுத்த வரில 'சாது'. போச்சு, சாதுவா போய்ட்டு வாங்கன்னு சொன்னேன்னுதான நான் வாசிச்சேன். விவகாரம் முடிஞ்சு போச்சு, சண்டை இல்லாம அமைதியாப் போங்கன்னு. ஆபீசுக்கும் அப்படித்தான் எழுதிக் குடுத்தேன்."

"அது ஒரே வார்த்தைங்க. போச்சாது."

"அப்படி ஒரு வார்த்தையா? அது போச்சுன்னு அர்த்தமா, போகாதுன்னு அர்த்தமா?"

ஐம்பது வருடமாகச் சொல்கிறேன், ஒரு நாளும் யோசித்ததில்லை. "பரவாயில்லைன்னு அர்த்தங்க" என்றேன்.

"பரவாயில்லன்னா விட்டுக்குடுத்தாச்சுன்னுதான அண்ணாச்சி வருது? அதுதான கேள்வியே. அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்னன்னு நாலு வரி எழுதிக் குடுங்க. அதோட, 'பின்னாள்'னு போட்டிருக்கீய. கார் அன்னைக்கே இடிச்சுதா, இல்ல இன்னொரு நாள் வந்து இடிச்சுதா?"

பக்கத்தில் நின்றவள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பல நாளைக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதிலிருந்து எனக்கு அந்த வார்த்தை மேல்தான் கண். பஸ்ஸில் நின்றுகொண்டு காது கொடுத்தேன். கண்டக்டர் ஒரு அம்மாவின் காலை மிதித்துவிட்டார். அந்த அம்மா வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே, "போச்சாது கண்ணு" என்றது. காலை மட்டும் இரண்டு நிறுத்தம் வரை தேய்த்துக்கொண்டே வந்தது. ஒரு விருந்தில் கடைசிப் பந்திக்கு ரசம் வரவில்லை. "போச்சாதுங்க, மோர் இருக்குதுல்ல" என்று எழுந்த ஒறம்பரைக்காரர் ஒருவர், சொந்தக்காரர்தான், வாசலில் செருப்பு மாட்டும்போதே, "ரசங்கூட வெக்கத் தெரியல" என்று ஆரம்பித்துவிட்டார். பட்டறையில் நானே ஒரு ஷாப்ட் தண்டை அளவு குறைத்துக் கடைந்துவிட்டேன். "போச்சாது, அடுத்ததைப் பாரு" என்றார் முதலாளி. அன்று பொழுது சாயும் வரை என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

கேட்கக் கேட்க ஒன்று புரிந்தது. அந்த வார்த்தையைச் சொன்ன பிறகும் வலி அங்கேயேதான் இருக்கிறது. போன ரசம் போனதுதான், யாரும் மறப்பதில்லை. எதிரில் நிற்கிறவன் பதறுகிறானே, அவன் நெஞ்சைப் பிடித்து நிறுத்தத்தான் அதைச் சொல்கிறோம். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன். ஏழாவது தாளில்தான் நான்கு வரிக்குள் வந்தது:

"போச்சாது என்பது எங்கள் ஊர் வார்த்தை. பதறியவரைத் தேற்றச் சொல்வது. சேதத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அவர் கை நடுங்கியது, அதற்காகச் சொன்னேன்."

இந்தத் தடவை வார்த்தை எதையும் ஒடிக்கவில்லை. ல, ள எல்லாம் அவள் பார்த்துக் கொடுத்தாள்.

நான் சொல்வது மட்டும் போதாது, கார்க்காரரும் சொன்னால் நல்லது என்றார் சர்வேயர். தோப்புக்காரருக்கு அவளே போன் போட்டாள். மறுநாளே அவர் ஒரு குலை இளநீரோடு ஒர்க் ஷாப்புக்கு வந்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நிற்க, சர்வேயர் அவரைக் கேட்டார்.

"ஐயா, இவர் போச்சாதுன்னு சொன்னதும் நீங்க என்ன நினைச்சீய? விவகாரம் முடிஞ்சுதுன்னா?"

"அதெப்படிங்க முடியும்?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "நான் ஒருத்தரு வண்டியச் சப்பையாக்கிப் போட்டு நிக்கறேன். மனுசன் என்னையத் தண்ணி குடிக்கச் சொல்றாரு. முடிஞ்சுதுன்னு நெனைச்சிருந்தா நான் எதுக்குங்க போன் நம்பர் எழுதிக் குடுக்கறேன்?"

சர்வேயர் எழுதுவதை நிறுத்தினார். ஏதோ நினைவு வந்தவர் போலத் தலையைச் சொறிந்தார்.

"நான் குடியிருக்க வீட்டம்மா ஒரு துளசித் தொட்டி வச்சிருந்தாங்க. போன மாசம் என் வண்டிய இறக்கும்போது தட்டி உடைச்சிட்டேன். போச்சாதுங்கன்னு சொன்னாங்க போல. எனக்கு அது சரியா விளங்கல. சிரிச்சுக்கிட்டே சொன்னாங்களா, நானும் சிரிச்சிட்டு உள்ள போயிட்டேன்."

"அப்புறங்க?" என்றாள் என் வீட்டுக்காரி.

"உடைஞ்ச தொட்டி இன்னும் வாசல்லயே கிடக்கு. எடுக்கவே மாட்டேங்காங்க."

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தோப்புக்காரர்தான் சொன்னார்: "போற வழியில ஒரு தொட்டி வாங்கிட்டுப் போயிருங்க, சார். துளசி நான் தாரேன்."

விளக்கத்தோடு தோப்புக்காரரின் கையெழுத்தும் போனது. மூன்று வாரம் கழித்துக் கிளெய்ம் ஒத்துக்கொள்ளப்பட்டது. போர்க், சக்கரம், சட்டம், சீட்டு எல்லாம் சேர்ந்தது. சர்வேயர் நேரிலேயே வந்து சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"அந்தக் கூம்பு மட்டும் சேரல அண்ணாச்சி. பில்லும் கிடையாது, நம்பரும் கிடையாது. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

"போச்சாதுங்க" என்றேன்.

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "இது எந்தப் போச்சாது அண்ணாச்சி? தொட்டி வாங்கணுமா, வேண்டாமா?"

"இது நெசமாலுமே போச்சாதுங்க" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒர்க் ஷாப்பில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பல்லடத்துக்குப் போய் இன்னொரு தொட்டியின் கூம்பை அறுத்துக்கொண்டு வந்தேன். பழையதை விடக் கொஞ்சம் கூர்மை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை தட்டினேன்.

வண்டி கைக்கு வந்த மறுநாள் காலை அவள் பெட்டியில் உட்கார்ந்தாள். புடவையை ஒதுக்கிக் காலை நீட்டி, கூம்பைக் கையால் தட்டிப் பார்த்தாள். ரோட்டில் ஏறியதும் எனக்குப் பேச்சு வந்துவிட்டது. ஏழு வாரத்துப் பேச்சு. சர்வேயரின் சாக்கட்டி, முதலாளி, பஸ்ஸில் கால் மிதிபட்ட அம்மா, எல்லாம் சொன்னேன். அந்த பேக்கரி தாண்டும்போது அவள் சொன்னாள்:

"ஏனுங்க. அத்தனை பேரு போச்சாதையும் கேட்டீங்க. எம்படதைக் கேக்கவே இல்லியே."

"எது?"

"அன்னைக்குப் பஸ்ஸுல இருந்து எறங்கி நான் சொன்னனே."

"பன்னுக்குத்தானே?"

"பன்னு என்னத்துக்குங்க எனக்கு?" அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சப்பையாகிக் கெடக்கறது நான் உக்கார்ற எடம். நீங்க அதையப் பாக்கக்கூட இல்ல. போச்சாதுங்கன்னு எவருக்கோ சொல்றீங்க. நான் உக்கார்ற எடம் இவருக்குப் போச்சாதான்னு நெனைச்சேன்."

இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. வார்த்தையின் அர்த்தத்தை ஏழு தாளில் தேடியவன் நான். வீட்டில் ஒரு போச்சாது ஏழு வாரமாக உடைந்த தொட்டி மாதிரி வாசலிலேயே கிடந்திருக்கிறது. நான் அதைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

"பாத்தேன், அம்மணி" என்றேன். "மொதல்ல அதையத்தான் பாத்தேன். நீ அதுக்குள்ள இல்லீன்னு தெரிஞ்சுது. பேக்கரி வாசல்ல பன்னும் கையுமா நிக்கறே. அந்த சந்தோசத்துல அந்தாளு நம்ம வண்டிய மட்டுமில்ல, ஊரையே இடிச்சிருந்தாலும் போச்சாதுன்னு சொல்லியிருப்பேன்."

அவள் பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் எனக்கு அந்தப் பேச்சு நின்றுபோயிருக்கும். தையல் கடை வந்தது. இறங்க நான் கை கொடுத்தேன்.

"இதைய அந்தப் பாரத்துல எழுதியிருக்கலாமில்ல?" என்றாள்.

"நாலு வரிதானே குடுத்தாங்க."

"அப்ப வேற தாள்ல எழுதி வெய்யுங்க. வார்த்தையப் பாதியில ஒடிக்காம எழுதுங்க."

எழுத எனக்குப் பல மாதம் ஆகிவிட்டது. காலண்டர் தாள் போதவில்லை, கோடு போட்ட நோட்டு வாங்கினேன். போச்சாது என்று வருகிற இடத்தில் எல்லாம் வரியில் இடம் இருக்கிறதா என்று முதலில் விரலால் அளந்து பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

ஆவணி மாதம் இருபத்து மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.